பரண் பாட்டும் மூளையலையும்
பின்னணி இசையும் கவனமும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பாட்டுக் கேட்டுக்கொண்டே படிக்கலாமா என்னும் வினா இன்று பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை உள்ள வீடெங்கும் எழுகின்றது. காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு கணக்குச் செய்யும் மகனைத் தாய் கடிந்துகொள்கிறாள். பாட்டு இருந்தால்தான் கணக்கு ஓடும் என்று மகன் வாதிடுகிறான். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. இருவர் கூற்றும் முழு உண்மையன்று. இவ்வழக்கைத் தீர்க்க இன்று விஞ்ஞானிகள் மூளையிலிருந்து எழும் நுண்ணிய மின்னலைகளையே சாட்சிக்கு அழைத்துள்ளனர். அந்தச் சாட்சியம் எவ்வாறு தோன்றியது, எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பவற்றை வரலாற்று முறையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். வேலையையும் பாட்டையும் நெடுங்காலம் இணைத்து வாழ்ந்த மட்டக்களப்பு மண்ணிலிருந்து, சிறப்பாக அதன் மேற்கெல்லையிலுள்ள உன்னிச்சையிலிருந்து, இந்நோக்கைத் தொடங்குதல் பொருத்தமுடையது.

மட்டக்களப்பு வாவியின் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நிலம் எழுவான்கரை எனவும், மேற்கே விரிந்த வயல்நிலம் படுவான்கரை எனவும் வழங்கும். படுவான்கரையில் ஆயித்தியமலையைக் கடந்து காடும் வயலும் கலக்குமிடத்தில் உன்னிச்சைக் குளம் உள்ளது. மாவட்டத்தின் வயல்களிற் பெரும்பகுதி மாரி மழையை நம்பிப் பெரும்போகம் மட்டும் விளைபவை. சிறுபோகத்துக்கும் நீர் தரும் பெருங்குளங்கள் சிலவே. அவற்றுள் ஒன்று உன்னிச்சை. குளத்து நீர் நெல்லுக்கு வாழ்வாக, குளத்தையடுத்த காடு யானைக்கும் பன்றிக்கும் உறைவிடமாயிற்று. ஆதலால் இங்கு வேளாண்மை என்பது பகலில் உழைப்பும் இரவிற் காவலுமாக அமைந்தது.

இரவுக் காவல் எளிய தொழிலன்று. மரக்கிளையிலோ கால் நாட்டியோ அமைத்த பரணில், இருளையே நோக்கியபடி ஒருவன் விடியும்வரை இருத்தல் வேண்டும். பெரும்பாலான நேரத்தில் எதுவும் நிகழ்வதில்லை. நிகழுங்கணத்தில் அவன் உறங்கிவிட்டால் ஒரு போகத்து உழைப்பு அழிந்துபோகும். சில வேளை உயிரும் போகும். இத்தகைய காவலில் மனிதன் துணைக்குக் கொண்டவை மூன்று: தீ, வெற்றிலை, பாட்டு. ஒரு பரணிலிருந்து எழும் குரலுக்கு மறு பரணிலிருந்து விடை வரும். அப்பாட்டு யானைக்கு எச்சரிக்கை. அயற் பரணில் உள்ளவனுக்கு 'நான் விழித்திருக்கிறேன்' என்னும் செய்தி. பாடுகின்றவனுக்கு உறக்கத்தை விலக்கும் மருந்து.

பகற்பொழுதின் பாட்டு வேறு வகையினது. களவெட்டியிற் சூடு மிதிக்கும்போது மாடுகளை வளையவிட்டுப் பாடும் பொலிப்பாட்டு, உழவுப் பாட்டு, நெற்குற்றும் பாட்டு ஆகியன தொழிலின் அசைவோடு பிணைந்தவை. மாட்டின் நடையும் உலக்கையின் வீழ்ச்சியும் அவற்றின் தாளம். பலர் கூடிச் செய்யும் வேலையில் ஒருவர் கை மற்றவர் கையோடு பிசகாமற் சேர்வதற்குப் பாட்டே கணக்கு. வி. சீ. கந்தையா அவர்கள் 1964இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' என்னும் நூல் இம்மண்ணின் வாழ்வையும் வழக்கையும் கவியையும் எழுத்தில் நிலைபெறச் செய்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் பேராதனையில் 1960களில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துக்களைப் புதுக்கி மேடையேற்றியபோது இம்மண்ணின் ஆட்டமும் பாட்டும் பல்கலைக்கழகத்தினுள் நுழைந்தன.

மூன்றாவது வகை தாலாட்டு. பரண் பாட்டு விழிக்க வைப்பது. தாலாட்டு உறங்க வைப்பது. ஒரே மக்கள், ஒரே குரல், ஒரே மொழி, பயனோ நேர்மாறானது. நம் முன்னோர் 'இசை கவனத்துக்கு நல்லதா, கெட்டதா' என்று பொதுப்பட வினவவில்லை. எந்த வேலைக்கு எந்தப் பாட்டு என்றே வினவினர். இந்த வேறுபாட்டை விஞ்ஞானம் பல பத்தாண்டுகள் உழைத்த பின்னரே கண்டறிந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

இவ்வறிவின் பழமைக்கு இலக்கியச் சான்றும் உண்டு. சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையில் உழவர் பாடும் ஏர்மங்கலமும் முகவைப் பாட்டும் குறிக்கப்படுகின்றன. அகநானூற்றின் 102ஆம் பாடலிலோ வியப்பான காட்சியொன்று வருகின்றது. தினைப்புனத்துக் காவலன் கள்ளுண்டு மகிழ்ந்திருக்க, அவன் மனைவி குறிஞ்சிப்பண் பாடுகிறாள். தினையை மேய வந்த யானை கதிரை உண்ணவும் மறந்து, நின்ற இடம்விட்டுப் பெயரவும் மறந்து, உறங்கிவிடுகின்றது. கவனத்தை வேலையிலிருந்து பிரித்தெடுக்கும் ஆற்றல் இசைக்கு உண்டு என்பதை இதனினும் இனிதாகக் கூறுதல் அரிது. பயிரைக் காக்க வந்தவனை விழிக்கவைக்கும் அதே இசை, பயிரை அழிக்க வந்ததன் நோக்கத்தைக் கலைத்துவிடுகின்றது.

இசையை உணர்வதோடு நில்லாது அளந்தறிய முனைந்த ஒருவரையும் இம்மண் தந்தது. காரைதீவில் 1892இற் பிறந்த சுவாமி விபுலானந்தர் துறவியாவதற்கு முன் விஞ்ஞான ஆசிரியராக விளங்கியவர். 1920இல் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். பழந்தமிழ் இசை நரம்புகளை எண் விகிதங்களாகக் கணித்து அவர் எழுதிய 'யாழ் நூல்' 1947 ஜூனிற் கரந்தைத் தமிழ்ச் சங்க வெளியீடாக அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். கேட்போர் வியந்து நிற்கும் ஒலியை அவர் கணக்கிட்டார். கணக்கிட்டதால் வியப்புக் குன்றவில்லை. மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன்களைப் பற்றி 'நீரரமகளிர் இன்னிசைப் பாடல்' இயற்றியவரும் அவரே. அவ்வாவியின் ஒலியை 1848இல் இங்கு வந்த ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற், ஈரவிரலாற் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் ஓசைக்கு ஒப்பிட்டு, 1859இல் வெளிவந்த தமது நூலிற் பதிவு செய்தார். ஒலியை அளக்கும் விபுலானந்தரின் மனப்பான்மையே, ஒலியைக் கேட்கும் மூளையை அளக்கும் முயற்சிக்கும் அடிப்படை என்பது மனங்கொள்ளத்தக்கது.

இனி மூளையலை ஆய்வின் வரலாற்றை நோக்குவோம். இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரில் மருத்துவராயிருந்த றிச்சாட் கேற்றன், முயல்களினதும் குரங்குகளினதும் திறந்த மூளையின் மேற்பரப்பில் மெல்லிய மின்னோட்டங்கள் அலைவதை 1875இல் அறிவித்தார். 1890இல் போலந்து நாட்டவரான அடொல்ப் பெக் விலங்குகளின் மூளையலைகள் ஒளி முதலிய தூண்டல்களால் மாறுவதைக் கண்டார். மனிதனின் மூளையலையை முதன்முதற் பதிவு செய்தவர் ஜேர்மனியின் யேனா நகரத்து உளமருத்துவர் ஹான்ஸ் பேர்கர். 1924இல் அவர் முதற் பதிவைப் பெற்றார். ஐயம் தீராது ஐந்தாண்டுகள் பொறுத்து 1929இலேயே அதனை வெளியிட்டார்.

பேர்கர் கண்டது யாது? கண்ணை மூடி அமைதியாயிருக்கும் ஒருவரின் தலையில் மின்வாய்களைப் பொருத்தினால் செக்கனுக்கு ஏறத்தாழப் பத்து முறை ஏறியிறங்கும் சீரான அலை தோன்றும். அதற்கு அவர் அல்பா எனப் பெயரிட்டார். அவர் கண்ணைத் திறந்தாலோ மனக்கணக்கொன்றைச் செய்யத் தொடங்கினாலோ அந்தச் சீரலை மங்கி, விரைவான சிற்றலைகள் தோன்றும். கவனம் என்னும் கண்ணுக்குப் புலனாகாத நிகழ்ச்சி ஒன்று கடதாசியில் மைக்கோடாகத் தெரிந்த முதற் சந்தர்ப்பம் அதுவேயாம். உலகம் உடனே நம்பவில்லை. 1934இற் கேம்பிறிட்ஜைச் சேர்ந்த ஏட்றியனும் மத்தியூசும் அதே முடிவைத் தாமும் கண்டு வெளியிட்ட பின்னரே பேர்கரின் கண்டுபிடிப்பு ஏற்கப்பட்டது. பிறகு அமெரிக்காவில் லூமிசும் அவர்தம் தோழரும் 1937இல், விழிப்பிலிருந்து உறக்கத்துக்குள் செல்லும் படிகளை இவ்வலைகளின் மாற்றத்தைக் கொண்டு வகுத்தனர். கண் சொருகத் தொடங்குகையில் அல்பா அலை சிதறுகின்றது. அதனினும் மெதுவான, செக்கனுக்கு நான்கு முதல் எட்டு வரையான அலைகள் தலைகாட்டுகின்றன. இவை பின்னர்த் தீற்றா எனப் பெயர்பெற்றன. பரணில் இருப்பவன் கண்ணயரும் கணம் இதுவே.

மூளையலை ஆய்வு மருத்துவமனைகளில் வளர்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், இசையும் வேலையும் பற்றிய ஆய்வு தொழிற்சாலைகளில் வளர்ந்தது. ஒரே அசைவை நாள்முழுதும் செய்யும் தொழிலாளியின் சலிப்பை நீக்க இசை உதவுமா என்று பிரித்தானிய ஆய்வாளர் வயற்றும் லாங்டனும் ஆராய்ந்து, உதவும் என 1937இல் அறிக்கையிட்டனர். யுத்தம் மூண்டபின் 1940 ஜூனில் பி.பி.ஸி. வானொலி, தொழிற்சாலைகளுக்கென 'வேலை செய்கையில் இசை' என்னும் பொருளுடைய நிகழ்ச்சியைத் தொடங்கி 1967வரை நடத்தியது. அமெரிக்காவில் மியூசாக் என்னும் நிறுவனம், பதினைந்து நிமிடத் தொகுதிகளாக விறுவிறுப்பை மெல்ல மெல்ல ஏற்றும் இசையைத் தொழிற்சாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் விற்றது. களவெட்டியிற் பாடுகின்றவரும் வேலை செய்கின்றவரும் ஒருவரே. தொழிற்சாலையிலோ பாட்டு மேலிருந்து வந்தது. தொழிலாளி கேட்பவர் மட்டுமே. 'பின்னணி இசை' என்பது உண்மையில் அன்றுதான் பிறந்தது எனலாம். நம் பொலிப்பாட்டைப் பின்னணி இசை என்று அழைப்பது பிழை. அது வேலையின் முன்னணியில் நின்ற இசை.

யுத்தகாலம் வேறொரு பிரச்சினையையும் எழுப்பியது. றேடார்த் திரையை மணிக்கணக்காக நோக்கியிருந்த விமானப்படையினர், நேரஞ் செல்லச்செல்ல எதிரியின் அடையாளத்தைத் தவறவிட்டனர். நோர்மன் மக்வேத் என்பவர் 1948இல் வெளியிட்ட ஆய்வில், கடிகார முள் போன்ற ஒரு முள் எப்போதாவது ஒருமுறை இரட்டைத் தாவலாகத் தாவுவதைக் கண்டறியுமாறு பணித்தார். முதல் அரைமணி நேரத்துக்குள்ளேயே கண்டறியும் திறன் சரிந்தது. உன்னிச்சைப் பரணில் இருந்தவனின் பிரச்சினையும் இதுவேயன்றோ! நிகழாததை எதிர்பார்த்து நெடுநேரம் விழித்திருத்தல் மனித மூளைக்கு இயல்பானதன்று. 1979இல் வொன்ரேனும் ஸ்வாமும் செய்த பரிசோதனையில், இத்தகைய காவல் வேலையிற் பழக்கமான இசையைக் கேட்டவர்கள் கூடுதலான குறிகளைக் கண்டறிந்தனர். அவர்தம் இதயத் துடிப்பும் விரைந்தது. பரணிலே புதுப்பாட்டன்றிப் பழகிய பாட்டே ஒலித்ததன் நியாயம் இங்கு விளங்குகின்றது.

ஆனால் படித்தல் என்பது காவல் காத்தல் அன்று. படிப்பவனின் மூளை சொற்களை ஒழுங்குபட மனத்தில் ஒலித்து, சிறிதுநேரம் தாங்கி, பொருளாக்குகின்றது. 1976இற் கோலும் வெல்ஷும், காட்டப்பட்டவற்றை வரிசையாக நினைவில் வைக்க முயல்வோருக்குத் தெரியாத மொழியிற் பேச்சொலி கேட்டாலும் நினைவு குலைவதைக் காட்டினர். சலாமேயும் பட்டெலியும் 1989இல், சொல்லோடு கூடிய பாட்டு வாத்திய இசையைவிடக் கூடுதலாக நினைவைக் குலைக்கின்றது என்றனர். 2011இற் பெர்ஹமும் விசாட்டும் செய்த ஆய்வு இளைஞர்க்கு மேலும் கசப்பானது. விரும்பிய பாட்டாயினும் வெறுத்த பாட்டாயினும் வரிசை நினைவை அவை ஒரே அளவிற் பாதித்தன. 'எனக்குப் பிடித்த பாட்டு, ஆகவே இடையூறில்லை' என்ற வாதம் இவ்வகை வேலையைப் பொறுத்தவரை நிலைக்கவில்லை. அதே ஆண்டிற் கெம்பேயும் அவரோடு சேர்ந்தோரும் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். மொத்தத்திற் பின்னணி இசையின் பயன் ஏறத்தாழப் பூச்சியமாகத் தோன்றியது. ஆயினும் பிரித்து நோக்குகையில், வாசிப்பை அது இடறியது. விளையாட்டுக்கும் மனநிலைக்கும் உதவியது. கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று விழுங்கியமையே அப்பூச்சியத்தின் காரணம். நம் முன்னோர் வேலைக்கேற்பப் பாட்டை வகுத்த நுட்பத்தை விஞ்ஞானம் சேர்ந்தடைந்தது இவ்விடத்திலேதான்.

இடையில் ஒரு மயக்கமும் நேர்ந்தது. 1993இல் றோஷர், ஷோ, கை ஆகிய மூவரும் 36 கல்லூரி மாணவரைக் கொண்டு செய்த சிறு ஆய்வொன்றை 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். மோசாட்டின் இசையைப் பத்து நிமிடம் கேட்டவர்கள் இடஞ்சார்ந்த சிந்தனைச் சோதனையிற் சிறிது மேம்பட்டனர். அம்மேம்பாடு கால்மணி நேரமளவே நின்றது. உலகமோ 'மோசாட் கேட்டாற் பிள்ளைக்கு அறிவு வளரும்' என்று அதனைப் பெருக்கிக்கொண்டது. 1998இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் குழந்தைகளுக்கு இசைத்தட்டு வழங்க அரசாங்கப் பணம் கேட்டார். மறு ஆண்டு வெளியான ஆய்வுகள் அவ்விளைவை மீளக் காணவில்லை. 2001இற் தொம்சனும் செலன்பேர்க்கும் ஹுசைனும், மேம்பாட்டுக்குக் காரணம் மோசாட்டன்று, உற்சாகமும் நல்ல மனநிலையுமே என்று விளக்கினர். சிறிய ஆய்வொன்று பெரிய வாக்குறுதியாக மாறுவது எத்துணை எளிது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

இக்கட்டத்தில் மூளையலை ஆய்வு தரும் பயன் தெளிவாகின்றது. பரீட்சைப் புள்ளி முடிவை மட்டும் காட்டும். மூளையலை அம்முடிவுக்கு இட்டுச்சென்ற வழியைக் காட்ட முயலும். ஒரே புள்ளி பெற்ற இருவருள் ஒருவர் எளிதாகவும் மற்றவர் இரைச்சலோடு போராடியும் அதனைப் பெற்றிருக்கலாம். மனத்தை ஒருமுகப்படுத்தும்போது நெற்றியின் நடுப்பகுதியில் தீற்றா அலை எழுவதை யப்பானிய ஆய்வாளர் 1970களில் விரிவாக ஆராய்ந்தனர். 1995இல் அமெரிக்க விண்வெளி நிறுவனத்தைச் சேர்ந்த போப்பும் பிறரும், விரைவான பேற்றா அலையின் வலிமையை அல்பா, தீற்றா ஆகியவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து, ஒருவர் வேலையில் எவ்வளவு ஈடுபட்டிருக்கிறார் என்பதற்கு ஓர் அளவையை அமைத்தனர். எனினும் தீற்றா அலை கண்ணயர்வுக்கும் அடையாளம், ஆழ்ந்த முயற்சிக்கும் அடையாளம் என்பதைக் கவனித்தல் வேண்டும். எவ்விடத்தில் எழுகிறது, எவ்வேளையில் எழுகிறது என்று பாராமற் பொருள் கொள்ளலாகாது. அல்பா அலையும் வெறும் ஓய்வின் அடையாளமன்று. வேண்டாத செய்தியை மூளை அடக்கி வைக்கும்போதும் அது பெருகும் என்று இன்று பலர் கருதுகின்றனர்.

இந்தியாவிலும் இத்துறையிற் குறிப்பிடத்தக்க பணி நடந்துள்ளது. 1961இற் புதுடில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிறுவகத்தைச் சேர்ந்த ஆனந்த், சீனா, பல்தேவ் சிங் ஆகியோர் யோகிகளின் மூளையலைகளை ஆராய்ந்தனர். தியானத்தில் ஆழ்ந்திருந்தோரின் அல்பா அலை, பேரொலியாலும் ஒளிவீச்சாலும் கலையவில்லை. தியானமில்லாத வேளையிலோ அவை அவ்வலையைக் கலைத்தன. புறவொலி செவியைச் சேர்ந்தாலும் கவனத்தைச் சேர்வது மனத்தின் பயிற்சியைப் பொறுத்தது என்னும் பழங் கருத்துக்கு இது மைக்கோட்டுச் சான்றாயிற்று. அண்மைக் காலத்திற் கொல்கத்தா ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்தின் சி. வி. இராமன் இயற்பியல், இசை மையத்தினர், தம்புராவின் சுருதியொலி கேட்போரின் அல்பா, தீற்றா அலைகளை ஆராய்ந்து 2015இல் முடிவுகளை வெளியிட்டனர். சொல்லும் தாளமும் அற்று ஒரே சீராக ஒலிக்கும் தம்புரா இவ்வகை ஆய்வுக்கு மிகப் பொருத்தமான கருவி. மேலைநாட்டு ஆய்வுகூடங்கள் எண்ணிப் பாராத கருவியுங்கூட.

இவ்வாய்வின் இடர்ப்பாடுகளையும் மறைத்தலாகாது. தலைத்தோலில் அளக்கப்படும் மூளையலை ஒரு வோல்ற்றின் இலட்சத்தில் ஒன்று, சில கூறுகள் என்னும் அளவிற்றே. கண்ணிமைத்தலும் பல்லைக் கடித்தலும் அதனினும் பன்மடங்கு பெரிய மின்குறிகளை எழுப்பும். தாளத்துக்குத் தலையசைப்பவரின் பதிவில் மூளை எது, கழுத்துத் தசை எது என்று பிரித்தல் அரிது. இசையே மூளையில் தனக்குரிய அலைகளை எழுப்பும் என்பதால், கண்ட மாற்றம் இசையைக் கேட்டதால் வந்ததா, கவனம் மாறியதால் வந்ததா என்ற ஐயமும் எஞ்சும். ஆகவே நல்லாய்வு ஒன்றில் நான்கு நிலைகளாவது வேண்டும்: அமைதி, தம்புரா போன்ற சீரொலி, சொல்லில்லா இசை, சொல்லோடு கூடிய பாட்டு. அவற்றின் வரிசை ஆளுக்காள் மாறுதல் வேண்டும். ஒருவரை அவரோடே ஒப்பிடுதல் வேண்டும். மூளையலையோடு பிழைகளும் நேரமும் சேர்த்து எண்ணப்படல் வேண்டும். மலிவான தலைப்பட்டை ஒன்றை அணிவித்து, அது காட்டும் ஓர் எண்ணைக் 'கவனம்' என்று அழைப்பது மோசாட் மயக்கத்தின் மறுபிறப்பே.

இனி உன்னிச்சைக்கு மீள்வோம். இங்கு இன்று இரு மாற்றங்கள் ஒருங்கே நிகழ்ந்துள்ளன. முதலாவது, வேலைப் பாட்டின் மௌனம். சூடு மிதித்த மாட்டின் இடத்தை உழவு இயந்திரம் பிடித்தது. அதன் இடத்தை வெட்டும்போதே அடித்தெடுக்கும் பெரும் இயந்திரம் பிடித்துக்கொண்டது. இயந்திரத்தின் இரைச்சலில் எவரும் பாடுவதில்லை, பாடினாலும் கேட்பதில்லை. யுத்தம் இம்மாற்றத்தை விரைவுபடுத்தியது. 1990இலும் 2007இலும் படுவான்கரை மக்கள் வீட்டையும் வயலையும் விட்டு இடம்பெயர நேர்ந்தபோது, மூத்தோரிடமிருந்து இளையோர்க்குப் பாட்டு இறங்கிவந்த தொடர்பும் அறுந்தது. காவலற்ற போகங்களும் பாட்டற்ற பரண்களும் எஞ்சின.

இரண்டாவது, கேளாமல் வரும் ஒலியின் பெருக்கம். திருவிழாக் காலத்தில் ஒலிபெருக்கி ஊரெங்கும் முழங்குகின்றது. அவ்வூரிலேயே ஒரு பிள்ளை பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறது. 2007இல் இலங்கை உயர் நீதிமன்றம் வழக்கொன்றில், இரவு பத்து மணி முதற் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிப் பாவனையைக் கட்டுப்படுத்திக் கட்டளையிட்டது. கேட்க விரும்பாதவரைக் கேட்கக் கட்டாயப்படுத்தலாகாது என்பதே அதன் உட்கிடை. மேலே கண்ட ஆய்வுகளும் இதனையே வேறு மொழியிற் சொல்கின்றன. செவிக்கு இமையில்லை. சொல்லோடு கூடிய பாட்டு, படிக்கும் மூளையின் சொல்லைத் தொட்டே தீரும்; பக்திப் பாட்டாயினும் திரைப்பாட்டாயினும் அது வேறன்று. நகரத்துப் பிள்ளைக்குக் கதவடைத்த அறை உண்டு; தனியார் வகுப்பு உண்டு. ஓட்டைக் கூரையின் கீழ் ஒரே விளக்கில் மூவர் படிக்கும் வீட்டுப் பிள்ளைக்கு இரவின் அமைதி ஒன்றே உள்ள செல்வம். அதனையும் பறித்தல் அறமாகாது.

இக்கூற்று இசைக்கு எதிரானதன்று. படித்துக் களைத்த பிள்ளை பாட்டுக் கேட்டு மனம் தேறி மீண்டும் நூலை எடுப்பது நன்றே. ஆய்வுகள் அதற்கு ஆதரவாகவே உள்ளன. படம் வரைகையிலும் பயிற்சி எழுத்தைப் படியெடுக்கையிலும் பழகிய இசை ஒலிப்பதால் இழப்புச் சிறிதே. மனனம் செய்கையிலும் புதிய பாடத்தை வாசிக்கையிலும் அமைதியே துணை. அமைதி கிட்டாதவிடத்துச் சீரான சுருதியொலி, சொல்லுள்ள பாட்டினும் மேல். தாயின் கடிதலுக்கும் மகனின் வாதத்துக்கும் இடையே நடுவர் கூறத்தக்க தீர்ப்பு இதுவாம்: என்ன வேலை என்று முதலிற் சொல், என்ன பாட்டு என்று பிறகு சொல்கிறேன்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். 1981இற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இற் பல்கலைக்கழகமான கிழக்குப் பல்கலைக்கழகம் வந்தாறுமூலையில் உள்ளது. அதனோடு இணைந்த சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் கல்லடியில் இசை கற்பிக்கின்றது. மருத்துவம் கற்பிக்கும் பீடமும் அப்பல்கலைக்கழகத்துக்கு உண்டு. இசையறிந்தோரும் மூளையறிந்தோரும் ஒரே மாவட்டத்தில் வாழும் பேறு எல்லா நாட்டுக்கும் கிட்டுவதன்று. பொலிப்பாட்டைத் தம் வாயாற் பாடிய முதியோர் படுவான்கரையில் இன்னும் சிலராவது உளர். அவர்தம் பாட்டை ஒலிப்பதிவு செய்வதோடு நில்லாது, பாடும்போதும் கேட்கும்போதும் அவர்தம் மூளையில் நிகழ்வதையும் பதிந்து வைத்தால், பாட்டு வேலையோடு ஒன்றியிருந்த ஒரு வாழ்வின் சான்று உலகுக்குக் கிட்டும். மேலைநாட்டு ஆய்வுகூடம் கேட்பவனை மட்டுமே கண்டது. பாடிக்கொண்டே உழைப்பவனை அது கண்டது அரிது.

யாழ் மறைந்து பல நூற்றாண்டுகள் கழிந்த பின் அதன் நரம்புகளை எண்ணிக் கணக்கிட ஒரு விபுலானந்தர் வேண்டியிருந்தார். பொலிப்பாட்டையும் பரண் பாட்டையும் அந்நிலைக்கு விட்டுவிடாமல், பாடும் நா உள்ளபோதே அவற்றை அளந்து கொள்ளுதல் நம் தலைமுறையின் கடனாகும்.